வடகாட்டில் வலசைப் பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டுவது: புதிதாக வருபவர்களுக்கு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மன்டனிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் லெஸ்ஸர் ஸ்லேவ் ஏரி. அதன் கிழக்குப் பக்கம் மார்ட்டன் மலை. இரண்டுக்கும் இடையில் ஆஸ்பென், பிர்ச், ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த குறுகலான காட்டுப் பகுதி. கனடாவின் வடக்கே பரந்து கிடக்கும் குளிர்நிலக் காட்டைத்தான் (boreal forest) வடகாடு என்கிறேன், இது அதன் ஒரு துண்டு. வலசை வரும் சிறு பறவைகள் விரிந்த தண்ணீருக்கு மேலே பறக்க விரும்புவதில்லை, மலையேறவும் விரும்புவதில்லை. அதனால் இந்தக் குறுகல் வழியாகவே வந்து போகின்றன. 1994 முதல் அங்கே ஒரு பறவை ஆய்வு நிலையம் வேலை செய்கிறது. வசந்தத்திலும், கோடை கழிந்து பறவைகள் தெற்கே திரும்பும்போதும், வலை விரித்துப் பிடித்து, காலில் அலுமினிய வளையம் மாட்டி, அளந்து, எழுதி, விட்டுவிடுகிறார்கள்.

அந்த மாதிரி நிலையத்தில் உதவிக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் தமிழர்கள் ஆல்பர்ட்டா வரைக்கும் போகத்தான் வேண்டும் என்றில்லை. டொராண்டோவிலேயே ஏரிக்கரையில் டாமி தாம்சன் பூங்காவில் ஒரு நிலையம் இருக்கிறது. காடு மாறும், கரடி இருக்காது, ஆனால் வேலை முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அனுமதி இல்லாமல் எதுவும் இல்லை

வலையை வாங்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் கட்டுகிற விஷயம் இல்லை இது. கனடாவில் வலசைப் பறவைகளைப் பிடிக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். வளையங்களை வழங்குவதும் அரசின் பறவை வளைய அலுவலகம்தான். ஒவ்வொரு வளையத்துக்கும் தனி எண் உண்டு, ஒவ்வொன்றுக்கும் கணக்கு காட்ட வேண்டும். இந்தியாவிலும் அப்படித்தான்: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டிவரும் பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கமும் முறையான அனுமதியோடுதான் செய்கிறது.

ஆகவே புதியவருக்கு ஒரே வழி, அனுமதி பெற்றவரின் கீழே தன்னார்வலராகச் சேர்வது. முதல் நாளே பறவையைக் கையில் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நிலையங்களில் முதலில் பேனாவைத்தான் தருவார்கள். அதைக் குறைவான வேலை என்று நினைக்க வேண்டாம். வளையம் மாட்டுபவர் எண்ணைப் படிப்பார், நீங்கள் எழுதிவிட்டுத் திருப்பிப் படிக்க வேண்டும். ஒன்பது இலக்க எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால், அந்தப் பறவை தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் கிடைத்தாலும் யாருடைய பறவை என்று தெரியாமல் போய்விடும். எழுதும் மேசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இனங்களின் பெயர், இறகின் அடையாளம், வயது கண்டுபிடிக்கும் முறை எல்லாம் தானாகக் காதில் விழுந்து மனதில் தங்கும்.

கிளம்புவதற்கு முன்

ஜூன் மாதம் அந்த அட்சரேகையில் காலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். வலைகளை அதற்கு முன்பே திறக்க வேண்டும் என்பதால் மூன்றரைக்கு எழுந்திருக்கும் பழக்கம் வேண்டும். மே மாதத்தில் உறைபனி இருக்கும், அதே நாள் பத்து மணிக்கு வெயில் அடிக்கும். அடுக்கடுக்காக உடுத்திக்கொள்ளுங்கள். வளையல், கைக்கடிகாரம், கல் வைத்த மோதிரம், சட்டையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பொத்தான், எல்லாம் வலையில் மாட்டும். கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நீண்ட கூந்தல் என்றால் பின்னிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கொசு பயங்கரமாக இருக்கும். எல்லோரும் மருந்து பூசிக்கொள்வார்கள். ஆனால் உள்ளங்கையிலும் விரல்களிலும் கொசு மருந்தோ வெயில் களிம்போ ஒரு துளிகூட இருக்கக் கூடாது. இறகின் கட்டமைப்பு எண்ணெய் பட்டால் குலையும், குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் சக்தி போய்விடும். பத்து கிராம் எடையுள்ள பறவைக்கு அது உயிர்ப் பிரச்சினை. நீளக்கை சட்டையும் தலைக்குக் கொசுவலையும் போட்டுக்கொள்வதே நல்லது.

அப்புறம் கரடி. வலைப் பாதையில் தனியாகப் போகும்போது பேசிக்கொண்டே நடங்கள், கரடி விரட்டும் ஸ்பிரே இடுப்பில் இருக்கட்டும், எடுக்கும் முறையைப் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலை

மிஸ்ட் நெட் என்பது மெல்லிய கறுப்பு நூலால் ஆனது. பொதுவாக 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். குறுக்கே ஓடும் கயிறுகள் அதை நான்கு தட்டுகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு தட்டிலும் வலை கொஞ்சம் தொய்வாக இருக்கும். பறந்து வரும் பறவை வலையில் மோதி, அந்தத் தொய்வில் பையாக விழுந்து கிடக்கும். சிறு பறவைகளுக்கு 30 மில்லிமீட்டர் கண்ணி, ஆந்தைகளுக்கு 60 மில்லிமீட்டர்.

வலையைக் கட்டும் இடத்தை நிலையம் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும், வருடக்கணக்காக அதே இடம்தான். அதற்குக் காரணம் உண்டு. வடகாட்டின் பெரும்பகுதியில் சாலையே கிடையாது. சாலையோரம் நின்று பாட்டைக் கேட்டு எண்ணும் கோடைக்காலக் கணக்கெடுப்பு அங்கே எட்டாது. அங்கே குஞ்சு பொரிக்கும் பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று அறிய ஒரு நல்ல வழி, அவை கடந்து போகும் இடத்தில் நின்று, வருடா வருடம் ஒரே வலை, ஒரே இடம், ஒரே நேரம் என்று அளப்பது. புதர் வளர்ந்து வலை உயரத்தைத் தாண்டினால் பிடிபடும் பறவை எண்ணிக்கை மாறிவிடும். அதனால் புதரைக்கூட ஒரே உயரத்தில் வெட்டி வைப்பார்கள்.

நீங்கள் கற்க வேண்டியது திறப்பதும் மூடுவதும். திறக்கும்போது ஒவ்வொரு தட்டின் கயிற்றையும் கம்பத்தில் சரியான இடைவெளியில் நகர்த்துங்கள். அடித்தட்டு தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். கனமான பறவை விழுந்தால் பை தாழும், கீழே ஈரப்புல் இருந்தால் நனைந்து குளிரில் விறைத்துப்போகும். வலையில் சிக்கிய இலை, சுள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், பறவைக்கு அது வலையைக் காட்டிக்கொடுக்கும். மூடும்போது இறுக்கமாகச் சுருட்டி, பல இடங்களில் கட்டுங்கள். தளர்வாக விட்ட மூடிய வலையில் இரவில் ஒரு பறவை மாட்டினால் காலை வரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சுற்று

திறந்த நேரத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை எல்லா வலைகளையும் சுற்றிப் பார்க்க வேண்டும். குளிரானாலும் வெயிலானாலும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். வழக்கமாக ஆறு மணி நேரம் வலை திறந்திருக்கும். அத்தனை நேரமும் யாராவது ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார்.

வலையின் கடைசி வரை நடந்து பாருங்கள். இலை நிழலில் கிங்லெட் மாதிரி ஆறு கிராம் பறவை தொங்கிக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அடித்தட்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். மூடும் நேரத்தில் இன்னும் கவனம் தேவை.

ஒரே வலையில் பல பறவைகள் இருந்தால் வந்த வரிசையில் எடுக்கக் கூடாது. நீர் தொடும் நிலையில் இருப்பது, கழுத்தில் கண்ணி இறுகியது, கண்ணை மூடி இறகைப் பொம்மென்று விரித்திருப்பது, இவை முதலில். அடுத்து ரொம்பச் சிறியவை. த்ரஷ் மாதிரி வன்மையான பெரிய பறவை ஐந்து நிமிஷம் காத்திருக்கும்.

வலையிலிருந்து எடுப்பது

இதுதான் மொத்தத்திலும் கஷ்டமான வேலை. வளையம் மாட்டுவதை ஒரே வாரத்தில் கற்றுவிடலாம், எடுப்பதற்குப் பருவங்கள் ஆகும். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பறவை எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதியது என்று பாருங்கள். அந்தப் பக்கம்தான் நீங்கள் நிற்க வேண்டும். பையின் வாய் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பையைத் திறந்து பார்த்தால் பறவையின் உடம்பில் எங்கோ ஒரு இடத்தில் நூல் இல்லாமல் வெறும் இறகு தெரியும். பெரும்பாலும் வயிறு. அங்கிருந்துதான் வழி.

சொல்லித் தரும் முறைகளில் ஒன்று கால் முதலில். தொடையை, உடம்போடு ஒட்டிய இடத்தில், இரண்டு விரலுக்கிடையே பிடியுங்கள். கீழ்க்காலை மட்டும் பிடித்தால் பறவை துடிக்கும்போது எலும்பு முறியும். பறவை பயத்தில் நூலை நகங்களால் இறுகப் பற்றியிருக்கும். காலை மெதுவாக நேராக நீட்டினால் விரல்கள் தானே விரியும். மடக்கிய காலில் தசைநாண் இறுகி விரலை மூடிவைக்கும், நீட்டினால் தளரும். அந்த நொடியில் நூலை நகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

இரண்டு காலும் விடுபட்ட பிறகு சிறகு. சிறகின் வளைவில், நம் மணிக்கட்டு மாதிரி இருக்கும் மூட்டில், நூல் ஏறியிருக்கும். அதைச் சிறகின் வெளிப்பக்கமாக உருட்டி இறக்க வேண்டும். சிறகை வெளியே இழுக்கக் கூடாது. கடைசியாகத் தலை: நூலைப் பின்கழுத்திலிருந்து அலகை நோக்கி முன்னால் தள்ளுங்கள். இறகின் போக்கிலே நூல் வழுக்கிப் போகும்.

சில சமயம் நூல் நாக்குக்குப் பின்னால் போயிருக்கும். பறவையின் நாக்கில் பின்னோக்கிய சிறு முட்கள் உண்டு, நூல் அவற்றில் மாட்டியிருக்கும்போது அப்படியே இழுத்தால் நாக்கு கிழியும். அலகைத் திறந்து, மழுங்கிய பல்குச்சியால் நூலை முன்னால் நகர்த்த வேண்டும். இதைப் பொறுப்பாளர் செய்வதை முதலில் நன்றாகப் பாருங்கள். மரங்கொத்திகளுக்கு நாக்கு நீளம், அவற்றில் இது அடிக்கடி நடக்கும்.

ஒன்றிரண்டு நிமிடத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் கூப்பிடுங்கள். மூத்தவர் பத்து வினாடியில் எடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் முடியவில்லை என்றால் சிறு கத்தரிக்கோல் இருக்கிறது. ஒரு கண்ணியை வெட்டினால் வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவை உங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஒரு காலை விடுவித்தால் மறுகாலால் பிடிக்கும், விரல் நகத்தின் ஓரத்தைத் தேடித் தேடிக் கொத்தும். கொத்தட்டும். கோபத்தில் விரலை இறுக்கிவிடாமல் இருப்பதுதான் பழக வேண்டியது.

எடுத்த பறவையைப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், முதுகு உள்ளங்கையில், மற்ற விரல்கள் சுற்றி ஒரு கூண்டு மாதிரி தளர்வாக. நெஞ்சை அமுக்கவே கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் அதற்கு மூச்சு. பறவை தப்பிவிடுமோ என்று பயந்து நெஞ்சில் விரலை அழுத்தினால் சத்தமே இல்லாமல் மூச்சு நின்றுவிடும். தப்பித்தால் தப்பிக்கட்டும். வளையம் இல்லாமல் பறந்துபோன பறவையால் யாருக்கும் நஷ்டமில்லை.

சுருக்குப்பை

ஒரு பைக்கு ஒரு பறவை. பருத்தித் துணிச் சுருக்குப்பை, உள்பக்கம் தையல் நூல் தொங்காமல். எந்த வலையில், எந்த நேரத்தில் எடுத்தது என்று குறிச்சீட்டு மாட்டுங்கள். பைகளை நிழலில் கொக்கியில் தொங்கவிட வேண்டும், தரையில் வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். ஈரமான, அழுக்கான பையை மறுபடி எடுக்காதீர்கள், நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும்.

வளையம்

வடஅமெரிக்க வளையங்களுக்கு அளவு வாரியாகப் பெயர் உண்டு. கிங்லெட்டுக்கு 0ஏ, மஞ்சள் பிட்ட வார்ப்ளருக்கு 0, ஸ்வெயின்சன் த்ரஷ்ஷுக்கு 1பி. வரிசை எண்ணில் கம்பியில் கோத்து வரும். வரிசையைத் தாண்டி எடுக்காதீர்கள். இனத்தைத் தீர்மானித்த பிறகுதான் வளையம். சந்தேகம் இருந்தால் கால் அளவி வைத்துப் பாருங்கள்.

துளையிட்ட குறட்டின் துளைக்குள் வளையத்தை வைத்து, திறந்த வாய் முன்னால் தெரியும்படி பிடித்து, காலைச் சுற்றி வைத்து ஒரே சீரான அழுத்தத்தில் மூடுங்கள். பிறகு வளையத்தைத் தொண்ணூறு பாகை சுழற்றி மறுபடி மெல்ல அழுத்தினால் விளிம்புகள் சமமாகச் சேரும். இடைவெளியும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. காலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும், பாதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏறி மடிந்துவிட்டால் நீங்களே கழற்ற முயலாதீர்கள், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே வளையம் உள்ள பறவை வந்தால் மேசையைச் சுற்றி எல்லோர் முகமும் மலரும். எண்ணை ஒருவர் படிக்க, இன்னொருவரும் சுயமாகப் படித்து ஒப்பிட வேண்டும்.

வயது, கொழுப்பு, எடை

வயதைச் சொல்வது தனிக் கலை. ஆகஸ்டில் இந்த வருடக் குஞ்சா, முந்தைய வருடத்ததா என்றுதான் முக்கியமாகப் பார்ப்போம். குஞ்சின் வால் இறகுகள் பொதுவாக ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும், வளர்ந்த பறவையின் வால் அகலமாக நுனி வட்டமாக. சிறகு மறைப்பு இறகுகளில் ஒரு பகுதி புதிதாகவும் மற்றது வெளிறிப் பழசாகவும் இருந்தால் அந்த எல்லைக்கோடு வயதைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் போதாமல் இருந்தால் தலை இறகை நீர் தொட்டு விலக்கி, மெல்லிய தோலின் வழியே மண்டையோட்டைப் பார்ப்பார்கள். எலும்பு இன்னும் முதிராத இளம் பறவையில் அங்கே இளஞ்சிவப்பாக, வெறுமையாக இருக்கும், முதிர்ந்ததில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். குளிர் நாளில் தலையை நனைக்காதீர்கள்.

கொழுப்பைப் பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. பறவையின் தொண்டைக்குக் கீழே இறகை மெல்ல ஊதி விலக்கினால் கண்ணாடி போன்ற தோல் தெரியும். காரை எலும்புக் குழியில் மஞ்சளாகத் தேங்கியிருப்பதே கொழுப்பு. ஒன்றுமில்லாமல் காலியாக இருந்தால் 0, குழி நிறைந்து, வழிந்து, நெஞ்சும் வயிறும் மூடும்வரை ஏறினால் 7. பிளாக்போல் வார்ப்ளர் என்ற பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண எடை சுமார் 12 கிராம். இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக் கரையை அடைந்து கடலுக்குமேல் புறப்படுவதற்குள் 20 கிராமைத் தாண்டும். முதுகில் மிகச் சிறிய கருவி பொருத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, அவை வடகிழக்குக் கரையிலிருந்து கரீபியத் தீவுகள் வரை இரண்டு மூன்று நாள் நிற்காமல் கடலைக் கடப்பதைக் காட்டியது. அந்தக் கொழுப்புதான் பயணத்துக்கான எரிபொருள். கூம்பு வடிவச் சிறு குவளையில் தலைகீழாக வைத்து மின்தராசில் எடை பாருங்கள், தலை மூடியிருப்பதால் அசையாது.

எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. வயது சரியாகத் தெரியவில்லையா, தெரியவில்லை என்று எழுதும் குறியீடு உண்டு. அதை எழுதுங்கள். ஊகித்து எழுதிய வயது நூறு சரியான வயதுகளோடு கலந்தால், பின்னால் ஆராய்பவரால் பிரித்தெடுக்க முடியாது. தெரியாது என்று எழுதியதை ஒதுக்கி வைக்க முடியும். இனத்துக்கும் இதே நியாயம்தான்.

விடுவது, மூடுவது

புதர் அருகே தாழ்வாகக் கையை நீட்டி, மெல்ல விரல்களை விரியுங்கள். மேலே எறிய வேண்டாம். பறக்காமல் உட்கார்ந்திருந்தால் சிறிது நேரம் விடுங்கள், இன்னும் பறக்கவில்லை என்றால் பொறுப்பாளரிடம் கொடுங்கள். குளிரில் சோர்ந்ததா, சிறகில் சுளுக்கா என்று அவர் பார்ப்பார்.

மழை, காற்று, கடும் குளிர், கடும் வெயில் என்றால் வலைகளை மூட வேண்டும். ஒரே நேரத்தில் பறவைகள் அலையாக வந்து பைகள் மேசையைச் சுற்றி நிறைந்தாலும் மூட வேண்டும், சில பறவைகளை வளையம் மாட்டாமலேயே விட வேண்டும். இதனால் தரவு பாழாகிவிடுமே என்று புதியவர்களுக்கு மனம் வராது. பாழாகாது. எத்தனை மீட்டர் வலை எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்று கணக்கு வைப்பதால், மூடிய நேரத்தை ஒழுங்காக எழுதினால் ஒப்பீடு சரியாகவே இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 22 அமைப்புகளின் பதிவுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், பிடிபட்ட பறவைகளில் காயம் 0.59 சதவீதம், இறப்பு 0.23 சதவீதம். குறைவுதான். இப்படிச் சரியான நேரத்தில் மூடிவிடுபவர்களால்தான் அது குறைவாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆந்தை இரவுகள்

செப்டம்பர், அக்டோபரில் பல நிலையங்களில் சா-வெட் ஆந்தைக்கு இரவு வலை போடுவார்கள். ஆணின் கூவலை ஒலிபெருக்கியில் போட்டால் ஆந்தைகள் வரும். கைக்குள் அடங்கும் ஆந்தை, ஏறத்தாழ 90 கிராம். இதன் வயதைப் பார்க்கும் முறை அலாதி. சிறகை விரித்து உள்பக்கம் புறஊதா விளக்கைப் பிடித்தால் புதிய இறகுகள் ரோஸ் நிறத்தில் ஒளிரும், பழைய இறகுகள் மங்கலாக இருக்கும். இறகில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்து போவதுதான் காரணம். எல்லா இறகும் ஒரே சீராக ஒளிர்ந்தால் இந்த வருடக் குஞ்சு, கலந்திருந்தால் வயதானது.

எழுதியதெல்லாம் எங்கே போகிறது

கனடாவின் அலுவலகமும் அமெரிக்காவின் பறவை வளைய ஆய்வகமும் சேர்ந்து ஒரே தொகுப்பாகப் பதிவுகளை வைத்திருக்கின்றன. இந்த முறைக்கு வித்திட்டவர் டென்மார்க்கின் விபோர்க் நகர ஆசிரியர் மார்ட்டன்சன். 1899இல் அவர் ஸ்டார்லிங் என்ற பறவைகளின் காலில் அலுமினிய வளையம் மாட்டினார். இன்றைக்கு வேலை இன்னும் அவசரமானது. 1970லிருந்து வடஅமெரிக்கா சுமார் 290 கோடி பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னது, அதில் சுமார் 50 கோடி வடகாட்டுப் பறவைகள். கழுத்தில் கறுப்பு மாலை அணிந்தது போலிருக்கும் கனடா வார்ப்ளர் அப்படிக் குறைந்த ஒன்று. அது ஆண்டில் சில மாதம்தான் இங்கே இருக்கும். மே கடைசியில் வந்து ஆகஸ்டுக்குள் ஆண்டீஸ் மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடும். எந்தப் பருவத்தில் எது குறைகிறது என்று தெரிந்தால்தான் கூடு வைக்கும் காட்டில் பிரச்சினையா, குளிர்காலத்தைக் கழிக்கும் மலையில் பிரச்சினையா என்று தேட முடியும்.

வளையமிட்ட பறவை உங்கள் கண்ணில் பட்டால், இறந்து கிடந்தாலும் சரி, எண்ணைப் படம் எடுத்து, இடம், தேதியோடு அனுப்புங்கள். உயிரோடிருந்தால் வளையத்தைக் கழற்ற வேண்டாம். வடஅமெரிக்க வளையங்களை இரு நாடுகளுக்கும் பொதுவான இணையதளத்தில் பதியலாம். இந்திய வளையத்தில் பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி எழுதியிருக்கும். உதவிக்குச் சேர்வதானால் குளிர்காலத்திலேயே நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள், வசந்தப் பருவத்துக்கான ஆட்களை அவர்கள் ஏப்ரலுக்கு முன்பே எடுத்துவிடுவார்கள்.